காய்கறி சந்தா என்று வருகிறவர்களிடம் கவனம்: எங்கள் 3,850 வெள்ளி இன்னும் வரவில்லை

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் காய்கறி போடுகிற எல்லாரும் இதைப் படியுங்கள், சொந்தக்காரர்களுக்கும் அனுப்புங்கள். கோலாலம்பூர் வீடுகளுக்கு வாராவாரம் காய்கறிப் பெட்டி அனுப்பும் ஒரு ஆன்லைன் நிறுவனம், எங்கள் அப்பாவுக்குத் தர வேண்டிய 3,850 வெள்ளியைத் தராமல் இழுத்தடிக்கிறது. வழக்குப் போடப் போகிறோம், அதனால் பெயர் இப்போது வேண்டாம்.

அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வாடகை நிலத்தில் வெண்டை, பயத்தங்காய், கத்தரி, பாகற்காய் போடுகிறார். செலாயாங் மார்க்கெட்டுக்கு ஏற்றும் லோரிக்காரர் விலையைக் குறைத்துத்தான் எடுப்பார், ஆனால் காசைக் கையில் வைத்துவிட்டுத்தான் போவார்.

இந்த நிறுவனத்திலிருந்து வந்தது நம் தமிழ்ப் பையன்தான். வீட்டுக்கே வந்தான், அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்தான், அப்பாவோடு பாத்தி பாத்தியாக நடந்து, "நடுவுல தவுக்கே, தரகர்னு யாரும் இல்லப்பா, சீசனுக்கு எது காய்க்குதோ அதையே கஸ்டமர் வாங்கிக்குவாங்க" என்றான். முதலில் கொடுத்த காய்க்குப் பணம் சொன்ன தேதியில் வந்தது. அதை நம்பி அப்பா லோரிக்காரரை நிறுத்திவிட்டார்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. சிஸ்டம் மாறுது, கணக்குப் பார்க்கிறவங்க லீவு, கஸ்டமர் இன்னும் கட்டல, "கொஞ்சம் பொறுங்கக்கா". வெண்டைக்காய் பொறுக்குமா? ஒரு நாள் தவறினாலே முற்றிவிடும், பறித்தே ஆக வேண்டும், எடுக்க அவர்கள் வேனை விட்டால் வேறு ஆளும் இல்லை, அதனால் பணம் வராமலே ஏற்றிக்கொண்டிருந்தோம். 3,850 வெள்ளி அப்படித்தான் சேர்ந்தது. உரக்கடைக் கடன் மட்டும் அப்பா தலையில்.

எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். பெட்டாலிங் ஜெயாவில் அந்தப் பெட்டியை வாங்குகிற ஓர் அம்மாவிடம் பேசினேன், மூன்று மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டாராம்! சந்தா முறையே அதற்குத்தானே: வாங்குகிறவர் சீசனுக்கு முன்பே கட்டுவார், அந்தப் பணம் விதைக்கும் உரத்துக்கும் விவசாயியிடம் போகும், மழையில் விளைச்சல் குறைந்தால் பெட்டியும் குறையும், நஷ்டத்தை இரண்டு பேரும் தாங்குவார்கள். இங்கே முன்பணம் அவர்களிடம், கடன் கொடுத்தது எங்கள் அப்பா.

இதைக் கேட்டதும் அந்தப் பையன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஆபீசுக்குப் போன் போட்டால், "அவரு வேலைய விட்டுட்டாரு, டி.ஓ. இருக்கா?" என்கிறார்கள், அதாவது சரக்கை ஏற்றும்போது எழுதிக் கொடுக்கும் சீட்டு. இருக்கிறது. ஆனால் அதில் '6 கூடை கலப்புக் காய்' என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது எடை குறைவு என்று அவர்களே வாதம் பண்ணுகிறார்கள்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயம் வாங்குகிறவர்களுக்குத்தான், சந்தா கட்டிப் பெட்டி வராதவர்கள் 5 வெள்ளி கட்டி அங்கே போகலாம். நம்மைப் போல விற்றவர்களுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை இருக்கிறது, 5,000 வெள்ளி வரை, வக்கீல் தேவையில்லை. 3,850 வெள்ளிக்கு அங்கேதான் போகிறோம்.

எடை எழுதாத டி.ஓ.வை வாங்காதீர்கள். நிறுவனத்துக்கு எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். போன வாரப் பணம் வராமல் அடுத்த கூடையை ஏற்றாதீர்கள், எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி. உங்களுக்கும் இவர்கள் பாக்கி வைத்திருந்தால் டி.ஓ.வைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.