ஆர்கானிக் ஏலக்காய் வாங்குகிறவர்களே, ஜெராக்ஸை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

குமுளி, வண்டன்மேடு, போடி பக்கம் ஏலக்காய் வாங்கி டீ மசாலா, பிஸ்கட், இனிப்பு செய்கிற சின்ன யூனிட்காரர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். ஆர்கானிக் காய் என்று சொல்லி ஒரு வியாபாரி 60 கிலோவை என் தலையில் கட்டிவிட்டார். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர் இதே பேச்சோடு அடுத்த ஆளிடம் போவார் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கம்பத்தில் டீ மசாலா அரைத்து, சென்னையில் ஓர் இயற்கை அங்காடிக்கு அனுப்புகிறேன். வியாபாரி கொண்டுவந்தது ஒரு தோட்டத்தின் ஆர்கானிக் சான்றிதழ் ஜெராக்ஸ், அப்புறம் போனில் ஒரு போட்டோ. பெண்கள் குனிந்து காய் பறிக்கிறார்கள். “நம்ம தோட்டத்து ஆளுங்க சார். மருந்தே கிடையாது, கூலியும் மத்த இடத்தைவிடக் கூட” என்றார். கிலோவுக்கு 500 ரூபாய் அதிகம் கேட்டார். அந்தக் காசு பறிக்கிற கைக்குப் போகட்டும் என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. அது தோட்டத்துக்கு உரியது, மூட்டைக்கு உரியது இல்லை. ஆர்கானிக் சரக்கு ஒவ்வொரு முறை கைமாறும்போதும் சான்று வழங்கும் ஏஜென்சி தனியாக ஒரு டிசி, அதாவது பரிவர்த்தனைச் சான்று கொடுக்கும். விற்பவர் பெயர், வாங்குபவர் பெயர், லாட் எண், எடை எல்லாம் அதில் இருக்கும். நடுவில் நிற்கிற வியாபாரிக்கும் சொந்தமாகச் சான்றிதழ் இருக்க வேண்டும். டிசியைக் கேட்டேன். “ஏஜென்சியில நிக்குது, அடுத்த வாரம் கைக்கு வந்துரும்” என்று எழுதியே கொடுத்து, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். அது இன்றுவரை வரவில்லை.

மூட்டையைப் பிரித்தபோதே மனதுக்கு ஒப்பவில்லை. மருந்து படாத தோட்டத்துக் காயில் ஏலப்பேன் என்கிற சின்னப் பூச்சி சுரண்டிச் சொறி விழுந்தது கொஞ்சமாவது கிடக்கும். இது அத்தனையும் வழவழவென்று ஒரே பச்சையாக இருந்தது. தரம் பிரித்த காய் என்றால் அப்படி இருக்கலாம் என்பதால் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். குயினால்பாஸ், சைபர்மெத்ரின் என்ற இரண்டு பூச்சிமருந்தும் இருப்பதாக அறிக்கை வந்தது.

எங்கள் தெருவிலிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிற அக்காமார் நிறைய. அந்தப் போட்டோவை ஓர் அக்காவிடம் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது நாந்தான் தம்பி. இந்தச் சேலை எந்தங்கச்சி குடுத்தது. யாரு எடுத்தான்னே தெரியலையே!”

“ஆர்கானிக் தோட்டமாக்கா?”

“அங்கயா? மருந்தடிச்ச மறுநாளே எங்கள எறக்கி விடுவாங்க. கண்ணெரிச்சல் தாங்காது. கூலியும் எல்லாருக்கும் குடுக்கிறதுதான்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. மருந்துக் காற்றைச் சுவாசித்து வேலை பார்க்கிற பெண்ணின் முகத்தைக் காட்டி, அவருக்குப் போகவேண்டிய காசை இவர் தின்றிருக்கிறார். 60 கிலோவுக்கு 30,000 ரூபாய். அதில் ஒரு பைசா அந்த அக்காவைச் சேரவில்லை.

ஜெராக்ஸில் இருந்த ஏஜென்சிக்கு எழுதிக் கேட்டேன். சான்றிதழ் உண்மையானதுதான், ஆனால் இந்த வியாபாரி பெயரில் எந்த டிசியும் போகவில்லை என்று பதில் வந்தது. வியாபாரியைக் கேட்டால், “சின்ன ஆளுங்களுக்குச் சர்டிபிகேட்டே வேணாம்னு சட்டம் இருக்கு” என்கிறார். 2017 ஆர்கானிக் விதிமுறையில் அப்படி ஒரு விலக்கு இருப்பது நிஜம்தான். ஆனால் அது வருடம் 12 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் விற்கும் உற்பத்தியாளர், சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால்தான். வாங்கி விற்கிற இவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. “இப்பதான் ஆர்கானிக்குக்கு மாறியிருக்கோம்” என்று யாராவது சொன்னால், எந்த வருடம் என்று கேளுங்கள். ஏலம் பல வருடம் நிற்கிற பயிர். 3 வருட மாற்றக் காலம் முடியாமல் அந்தக் காயை ஆர்கானிக் என்று விற்க முடியாது.

உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் போயிருக்கிறது. 60 கிலோவும் சீல் வைத்து யூனிட்டிலேயே கிடக்கிறது, அரைக்க மாட்டேன். வியாபாரி இப்போது போன் எடுப்பதில்லை. நெடுங்கண்டம், கட்டப்பனை பக்கம் யாரிடமாவது டிசி இல்லாமல் இதே போல் ஜெராக்ஸும் போட்டோவும் காட்டிச் சரக்கு கொடுத்திருந்தால், பில்லையும் மூட்டையில் கொஞ்சம் காயையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். அந்த ஏஜென்சிக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.