பழைய மாஸ்ஸி 1035: மாடு வைத்திருக்கிறவர்களுக்கு இது போதுமா?

புது டிராக்டர் எடுக்கலாமா, பழசு எடுக்கலாமா என்று கேட்கிறவர்களில் பாதிப்பேர் மாடு வைத்திருக்கிறவர்கள். நாலைந்து ஏக்கர் தோட்டம், கட்டுத்தறியில் ஆறேழு உருப்படி, கொஞ்சம் சோளத்தட்டு, கொஞ்சம் கோ-4 தீவனப் புல், கிணற்றில் தண்ணீர் இருந்தால் மக்காச்சோளம். இந்தக் கணக்குக்குப் புது 50 குதிரைத்திறன் வண்டி எடுத்தால் பால் பணம் முழுக்கத் தவணைக்கே போய்விடும். நல்ல நிலையில் ஒரு பழைய மாஸ்ஸி பெர்குசன் 1035 கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம் என்பது என் கட்சி. எங்கள் தோட்டத்தில் ஓடுவது தொண்ணூறுகளில் வந்த வண்டி, மூலனூர் பக்கம் ஒரு பெரியவரிடம் வாங்கியது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை ஓட்டிப் பார்த்து எழுதுவது.

முதலில் அடிப்படை. 36 குதிரைத்திறன், 3 சிலிண்டர், 2400 சிசி சிம்சன் எஞ்சின், முன்னே போக 6 கியர், பின்னே வர 2. பின்னால் கலப்பை மாட்டும் லிஃப்ட் 1100 கிலோ தூக்கும். 1956-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் வந்த பெர்குசன் 35-இன் வம்சம்தான் இது. சென்னையில் 1960-ல் டாஃபே டிராக்டர் கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்தே இந்த வம்சத்து வண்டிகள் நம் ஊரில் ஓடுவதால் சாமான் கிடைப்பதில் பிரச்சினையே இல்லை. காங்கேயம், தாராபுரம், கரூர் எங்கே போனாலும் ஏதாவது ஒரு கடையில் இருக்கும், சின்ன ஊரில்கூட இந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் ஒருவராவது இருப்பார். பழைய வண்டி வாங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை. அபூர்வமான மாடலை மலிவாக வாங்கிவிட்டு ஒரு சீலுக்காக ஊர் ஊராக அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஹைட்ராலிக். கலப்பை மண்ணில் இழுபடும்போது ஏற்படும் விசை மேல் இணைப்புக் கம்பி வழியாக வண்டிக்குத் தெரியும், இழுவை கூடினால் லிஃப்ட் தானாகவே கலப்பையைக் கொஞ்சம் மேலே எடுத்துவிடும். ஹாரி பெர்குசன் கண்டுபிடித்த ஏற்பாடு, இன்றைக்கு எல்லா கம்பெனி வண்டியிலும் இருக்கிறது. எங்கள் பக்கம் செம்மண்ணுக்கு நடுவே திடீரென்று கெட்டியான சுக்கான் பாறை வரும், அந்த இடத்தில் சக்கரம் வழுக்காமல் போவது இதனால்தான்.

தீவனம் விதைக்கும்போதும் இதன் அருமை தெரியும். கோ எஃப்எஸ் 29 சோளம் தெரியும் அல்லவா, ஒரு தடவை விதைத்தால் 65 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 50 நாளுக்கு ஒருமுறை அறுத்துக்கொண்டே இருக்கலாம். ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். ஆனால் விதை பொடி. தூவிவிட்டு ஒன்பது கொத்துக் கலப்பையை ஆழமாக இறக்கினால் பாதி விதை முளைத்து மேலே வரவே வராது. இந்த வண்டியில் லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கொத்து மண்ணைக் கீறினால் போதும் என்கிற அளவில் நிறுத்த முடியும். கை பழக வேண்டும், அவ்வளவுதான். மானாவாரித் தட்டு அறுத்த காட்டில் இன்னொரு சௌகரியம்: அறுத்த தாள் மறுபடி துளிர்க்கிற இளந்தட்டில் ஹைட்ரோசயனிக் அமிலம் இருக்கும், மழையில்லாமல் வாடினால் விஷம் இன்னும் அதிகம், மாடோ ஆடோ புகுந்து தின்றால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். வாடகை வண்டிக்குக் காத்திருக்காமல் மறுநாளே ஓட்டிப் போட்டுவிடலாம்.

கோ-4 புல்லுக்கு வருவோம். முதல் அறுப்பு 75-80 நாள், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தினமும் புல் எடுத்து வர டிராக்டரைக் கிளப்புகிறவர்கள் டீசலைக் கொட்டுகிறார்கள், அதற்கு எக்ஸ்எல் வண்டியே போதும். டிராக்டர் வேண்டியது கரணை நட பார் பிடிக்கும்போதும், குப்பை அடிக்கும்போதும், கடைசியில் தூரைப் பெயர்க்கும்போதும். இந்தக் கடைசி வேலையில் 1035 திணறும், மறைக்க வேண்டியதில்லை. சில வருடம் நின்ற புல் தூரைச் சட்டிக் கலப்பை போட்டுப் புரட்டுவதென்றால், அதுவும் கரிசல் மண்ணில், வாடகைக்குப் பெரிய வண்டி கூப்பிட்டு ஒரே நாளில் முடித்துவிடுவது மேல். கரிசலில் 36 கத்தி ரொட்டவேட்டரும் இதற்குக் கொஞ்சம் பாரம்தான்.

வாங்கும்போது பலரும் கேட்க மறக்கிற கேள்வி, சிங்கிள் கிளட்சா டபுள் கிளட்சா என்பது. இந்த மாடலில் இரண்டும் உண்டு. சிங்கிள் என்றால் கிளட்சை மிதித்த உடனே பின்னால் மாட்டிய மெஷினைச் சுற்றும் பிடிஓ தண்டும் நின்றுவிடும். உழவுக்குப் பரவாயில்லை. வைக்கோல் கட்டும் மெஷின், தட்டு அறுக்கும் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டே வேலை செய்கிற எதை மாட்டினாலும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மெஷினும் நின்று உள்ளே அடைத்துக்கொள்ளும். டபுள் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். தீவனத்துக்காக வாங்குகிறவர் விலை கொஞ்சம் கூடினாலும் டபுள் கிளட்ச் வண்டியைத் தேடுங்கள். அப்புறம், பிடிஓ தண்டுக்கு மூடி இல்லாமல் லுங்கியும் துண்டுமாகப் பக்கத்தில் போகாதீர்கள்.

சொகுசு எதிர்பார்க்க வேண்டாம். பழைய வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, முன்னால் பாரம் இருந்தால் தோள்பட்டை வலிக்கும். ஓடும்போது கியர் மாற்றினால் கறகறவென்று சத்தம் போடும், நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். கவிழ்ந்தால் காப்பாற்றும் கம்பிச் சட்டமும் இல்லை, எனவே கிணற்று மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் பார்த்து ஓட்டுங்கள்.

இந்த வண்டிகளைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் கட்டாயம் முயல் வேட்டைக் கதைக்கு வந்துவிடுவார்கள். டிராக்டர் வெளிச்சத்தில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டுக்குள் போய், கொளுக்கட்டைப் புல்லுக்குள் பதுங்கின முயலை நாய் விட்டுப் பிடித்த கதை. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதெல்லாம் குற்றம், இன்றைக்குச் செய்தால் வண்டியும் சேர்ந்து வனத்துறையில் போய் நிற்கும். இப்போது நிலைமை தலைகீழ். விதைத்த மறுநாள் காலையில் மயில் கூட்டம் வந்து கிளறுகிறது, மக்காச்சோளம் பால் பிடித்தால் காட்டுப்பன்றி. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்தது. துப்பாக்கி அவர்கள் கையில்தான், நம் கையில் இல்லை. கள்ளத்தனமாக வேலியில் கரண்ட் விடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல, அதில் மனுசனும் சாகிறான், யானையும் சாகிறது.

சரி, வாங்கப் போகும்போது என்ன பார்ப்பது? காலையில் எஞ்சின் சூடாகும் முன்னே போய் நில்லுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, விட்டுவிட்டு வாருங்கள். கலப்பையைத் தூக்கி எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் கலப்பை தரையைத் தொட்டிருந்தால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். பாரத்தோடு ஓட்டும்போது கியர் தானாக வெளியே குதிக்கிறதா என்றும் பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்த வண்டி என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

விலையில் ஒரு விஷயம். 2025 செப்டம்பரில் டிராக்டருக்கு ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும்? புரோக்கர்கள் பழைய ரேட்டையே சொல்வார்கள், இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். ஆர்சி புக்கில் இருக்கும் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் வண்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து, வங்கிக் கடன் பாக்கி இல்லை என்ற சான்று கைக்கு வந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். அது வருகிறவரை யார் அவசரப்படுத்தினாலும் நூறு ரூபாய்கூட நீட்டாதீர்கள்.