நாணல் கூடையா, மணி கோத்த குத்துப்பையா?

அமெரிக்கப் பூர்வகுடிகளான சாக்டா மக்களின் கலையில் என் மனம் முதலில் போவது நாணல் கூடைக்குத்தான். ஆற்றோர நாணலை வெட்டி, கத்தியால் மெல்லிய கீற்றாகக் கிழித்து, சாயம் தோய்த்துப் பின்னுகிறார்கள். இரட்டைப் பின்னல் என்றால் உள்ளும் புறமும் வழவழப்பான பக்கமே தெரியும். என்ன பொறுமை! அமெரிக்க அரசுடனான 1830 நில ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரும்பாலோரை மிசிசிப்பியிலிருந்து இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தியும் இந்தக் கைவேலை அழியவில்லை.

அப்புறம் புதுக்கலை. சாக்டா, செரோகி என்ற இரு பூர்வகுடிகளின் வழிவந்த ஜெஃப்ரி கிப்சன் குத்துச்சண்டைப் பையையே மணிகளால் மூடுகிறார். 2024 வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் அமெரிக்காவுக்காகத் தனியாகக் காட்சி வைத்த முதல் பூர்வகுடிக் கலைஞர் அவர்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து இவற்றில் ஒன்றைக் கற்க வந்தால்? கூடையில் தொடங்குங்கள் என்பேன். மணி கடையில் கிடைக்கும். நாணல் காடுகளோ பெரும்பாலும் வயல்களாகிவிட்டன; மிச்சம் இருக்கும்போதே கற்பது நல்லது.