தெளிந்த ஐபிஏவா, கலங்கிய ஐபிஏவா?

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் என்ற பீர் வகை. அந்தப் பெயர் எழுதிய இரண்டு கேன்களைத் திறந்து இரண்டு கிளாஸில் ஊற்றினேன். ஒன்று அடிவரை தெரியும் பொன்னிறம். மற்றது வடிகட்டாத பழச்சாறு மாதிரி மங்கலான மஞ்சள். முதலாவது வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ, அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளர்ந்தது. இரண்டாவது வடகிழக்கில், வெர்மான்ட் பக்கம் உருவான நியூ இங்கிலாந்து ஐபிஏ. ஹேஸி என்பது அதன் செல்லப்பெயர். இரண்டுக்கும் உயிர், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூதான். ஆனாலும் ஒன்றை அளக்கும் கோலால் மற்றதை அளந்தால் தீர்ப்பு நிச்சயம் தப்பாகிவிடும்.

ஹாப்ஸை எப்போது போடுகிறார்கள் என்பதில் வித்தியாசம் தொடங்குகிறது. கொதிக்கும் மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றில் நெடுநேரம் கிடந்தால் ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பு இறங்கும். மணம் தரும் எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். வெஸ்ட் கோஸ்ட்டில் கொதியிலேயே நன்றாகக் கசப்பேற்றி, நொதித்து முடிந்த பிறகு மணத்துக்காக மறுபடி ஹாப்ஸ் சேர்ப்பார்கள். ஹேஸியில் கொதியின்போது கொஞ்சம்தான். அடுப்பை அணைத்த பிறகும், நொதிக்கும் தொட்டியிலும்தான் அள்ளிப் போடுவார்கள். தண்ணீரிலும் கைவைப்பதுண்டு: சல்ஃபேட் கூடினால் கசப்பு கூர்மையாகும், குளோரைடு கூடினால் வாயில் மெத்தென்று இருக்கும். ஹேஸியில் ஓட்ஸும் கோதுமையும் சேருவதால் அந்த மென்மை இன்னும் கூடுகிறது.

கண்ணுக்குத் தெரிவதை வைத்து நான் அதிகம் முடிவு செய்வதில்லை. பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் மதிப்பெண் தாளில்கூட 50 மதிப்பெண்ணில் தோற்றத்துக்கு 3தான். மணத்துக்கு 12, சுவைக்கு 20. ஒன்று மட்டும் பாருங்கள்: ஹேஸி கலங்கியிருக்கலாம், சேறு மாதிரி இருக்கக் கூடாது. அடியில் துகள்கள் படிந்தால் அது கவனக்குறைவு. ஹெடி டாப்பர் என்ற புகழ்பெற்ற வெர்மான்ட் பீரின் கேனிலேயே ‘கேனிலிருந்தே குடியுங்கள்’ என்று அச்சிட்டிருப்பார்கள். ரசித்துக் குடிக்க அது சரி. எடைபோட வேண்டுமென்றால் கிளாஸ் வேண்டும். மூக்கு உள்ளே போகாமல் மணத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மணத்தில்தான் இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. வெஸ்ட் கோஸ்ட்டில் பைன் மரப் பிசின், கிரேப்ஃப்ரூட் தோல், ஆரஞ்சுத் தோல். இந்த வாசனைக்கு அடித்தளம் போட்டது 1972-இல் வெளிவந்த கேஸ்கேட் ஹாப்ஸ். ஆங்கர் பீர் ஆலையின் லிபர்ட்டி ஏல் 1975-இலும், சியரா நெவாடா ஆலையின் பேல் ஏல் 1980-இலும் அதை அமெரிக்கர்களின் நாக்குக்குப் பழக்கின. ஹேஸியில் சிட்ரா, மொசைக் போன்ற பின்னாளைய ஹாப்ஸ்கள். மாம்பழம், பேஷன் ஃப்ரூட், பழுத்த பப்பாளி என்று கிளாஸை எடுக்கும் முன்பே எட்டிவிடும். முதல் முகர்வில் ஹேஸி ஜெயிக்கிறது, தயக்கமே இல்லை. ஆனால் மூன்றாம் முறை முகரும்போது வெஸ்ட் கோஸ்ட்டில் புதிதாக ஏதோ ஒன்று கிடைக்கிறது: லேசான பூவாசம், பின்னால் ரொட்டித் தோல் போல மால்ட். ஹேஸி முதலில் சொன்னதையே திரும்பச் சொல்கிறது.

சுவையில் கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நம் மொழியில் தனித்தனிப் பெயர் இருப்பது இங்கே பெரிய உதவி. வெஸ்ட் கோஸ்ட்டின் கசப்பு அடிநாக்கில் ஏறி, கொஞ்சம் நின்று, சுத்தமாக இறங்க வேண்டும். அப்புறம் வாய் வறண்டு, அடுத்த மிடறைக் கேட்க வேண்டும். இறங்காமல் ஈறிலும் கன்னத்திலும் இழுத்துப் பிடித்தால் அது துவர்ப்பு, குறைதான். ஹேஸியில் வேறு ஆபத்து: ஹாப்ஸ் அளவு மீறினாலோ, ஹாப்ஸ் துகள் படியும் முன்பே கேனில் அடைத்தாலோ தொண்டையில் எரிச்சல் பிடிக்கும். கசப்பு குறைவு என்பதற்காக ஹேஸியைக் குறை சொல்லாதீர்கள். அதன் இயல்பே அது. 2021 பிஜேசிபி வரையறையில் கசப்பு அலகு அதற்கு 25 முதல் 60, அமெரிக்க ஐபிஏவுக்கு 40 முதல் 70. இனிப்பு திகட்டினால் மட்டும் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

வாங்கும்போது கேனில் அடைத்த தேதியைப் பாருங்கள். ஆக்சிஜன் இரண்டுக்குமே பகை, ஹேஸிக்குப் பரம பகை. நான் ஒருமுறை ஹேஸி கேன் ஒன்றை மாதக்கணக்கில் வெளியே வைத்துவிட்டேன். திறந்தபோது மஞ்சள் போய்ச் சாம்பல் கலந்த பழுப்பு. பழ மணம் இருந்த இடத்தில் பழைய தேனும் நனைந்த அட்டையும். ஊற்றிக் கொட்டும்போது மனசு வலித்தது. வெஸ்ட் கோஸ்ட்டும் மங்கும், ஆனால் அந்த அளவுக்கு உருக்குலையாது. வெண்ணெய் வாசம் வந்தால் இரண்டிலுமே குறை.

அருகருகே சுவைப்பதாக இருந்தால் ஹேஸியை முதலில் எடுங்கள். கசப்பு நாக்கில் ஏறிவிட்டால் மென்மை பிடிபடாது. நடுவே தண்ணீர். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் போதும், அதற்கும் கீழே குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும்.

கடைசியாக, இரண்டு கிளாஸிலும் இரண்டு விரல் அளவு மிச்சம் வைத்து இருபது நிமிடம் கழித்துக் குடித்துப் பார்த்தேன். சூடு ஏறியதும் ஹேஸியின் இனிப்பு கனத்து, பழச்சாறு பாகாகிவிட்டது. வெஸ்ட் கோஸ்ட்டில் அதுவரை ஒளிந்திருந்த மால்ட் வெளியே வந்து கசப்போடு சமமாக நின்றது. மணத்துக்கு ஹேஸிக்கே கூட மதிப்பெண் போட்டேன். காலியான கிளாஸ் வெஸ்ட் கோஸ்ட்டுடையது.