பின் கேமரா இல்லாமல் டேஷ்கேம் வாங்காதீர்கள்: 14 மாதம் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்

காருக்கு டேஷ்கேம் (கண்ணாடியில் ஒட்டி, ஓட்டும்போது சாலையைப் பதிவு செய்கிற கேமரா) வாங்கலாமா, வாங்கினால் எப்படிப்பட்டது வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வீடு பெருங்களத்தூர். அம்மா இருப்பது பெரம்பலூர். மாதத்தில் இரண்டு முறையாவது போய்வர வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் நான்தான் ஓட்டுவேன். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை என்று ஐந்து சுங்கச்சாவடி தாண்டிப் போகிற அந்தச் சாலையிலும், தினமும் தாம்பரம் பக்கம் ஆபீஸ் போய்வருகிற நெரிசலிலும் 14 மாதம் இந்த கேமரா ஓடியிருக்கிறது.

ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் வாங்கினேன். படத் தெளிவு முன்னால் 2கே, பின்னால் அதைவிடக் கொஞ்சம் குறைவான 1080பி, இரண்டும் சேர்த்து 10,800 ரூபாய். மெமரி கார்டு தனி, பொருத்துகிற கூலி தனி. பிராண்டு பெயரைச் சொல்லவில்லை. இதே மாதிரி பொருள் நாலைந்து பெயரில் விற்கிறது, பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். குறிப்பாக, உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைப்பது லித்தியம் பேட்டரியா, கெப்பாசிட்டரா என்று கேளுங்கள். மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் கண்ணாடியை ஒட்டி இருக்கிற பொருள் இது, பேட்டரி உப்பிவிடும். கெப்பாசிட்டர் தாங்கும். என்னுடையது கெப்பாசிட்டர், இரண்டு கோடையைப் பார்த்துவிட்டது. ஒட்டியிருந்த டேப் மட்டும் முதல் கோடையில் கழன்று விழுந்தது, நல்ல டேப்பாக வாங்கி மறுபடி ஒட்டினேன், அதன்பிறகு பிரச்சினை இல்லை.

கடையில் இருந்த பையன், "மேடம், பேக் கேமரா எல்லாம் வேஸ்ட், ஃப்ரண்ட் மட்டும் போட்டுக்கங்க, மூவாயிரம் மிச்சம்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் தப்பாகச் சொன்னான். இந்த 14 மாதத்தில் எனக்குக் கை நடுங்கிய சம்பவங்களில் பாதிக்கு மேல் எனக்குப் பின்னால் நடந்தவை.

ஒன்றைச் சொல்கிறேன். அச்சிறுப்பாக்கம் தாண்டி, இரவு ஒன்பதரை மணி இருக்கும். வலது லேனில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருக்கிறேன், வேகம் 80. பின்னால் ஒரு ஆம்னி பஸ் வந்து ஒட்டிக்கொண்டது. ஹை பீம், அதற்கு மேல் பம்பரில் தனியாக மாட்டிய வெள்ளை எல்.இ.டி., அதோடு விட்டு விட்டு ஏர்ஹாரன். என் காருக்குள் பகல் மாதிரி வெளிச்சம், உள் கண்ணாடியைப் பார்க்கவே முடியவில்லை. இடது பக்கம் லாரி, நான் எங்கே ஒதுங்குவது? 80-ல் போகும்போது ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது அந்த பஸ்ஸுக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு கார் நுழையக்கூட இடம் இல்லை. நான் பிரேக்கைத் தொட்டிருந்தால் அவ்வளவுதான். லாரியைத் தாண்டி இடதுபக்கம் ஒதுங்கியதும் பஸ் விர்ரென்று போயிற்று, அடுத்த நிமிடமே முன்னால் போன இன்னொரு காரின் வாலைப் பிடித்துக்கொண்டது. அந்த பஸ்ஸில் நாற்பது பேர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இது எனக்கு மட்டும் நடக்கிற கதையும் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் வருட அறிக்கையில் நாடு முழுக்க 4,61,312 விபத்துகள், அதில் தமிழ்நாட்டில் மட்டும் 64,105. விபத்து எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். இங்கே இறந்தவர்கள் 17,884 பேர், அதில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாவது இடம். மோதல் வகைகளாகப் பிரித்துப் பார்த்தால் நாட்டிலேயே அதிகம் நடப்பது பின்னால் வந்து இடிப்பது, ஐந்தில் ஒன்றுக்கு மேல். முன் கேமரா மட்டும் போட்டுக்கொண்டு போனால் அந்த ஐந்தில் ஒன்றில் நம்மை இடித்தது யார் என்றே தெரியாது.

சரி, கேமராவின் பெரிய குறையும் இங்கேதான். அந்த பஸ்ஸின் நம்பர் பிளேட் பின் கேமராவில் தெரியவே இல்லை. வெளிச்சம் முழுக்க வெள்ளையாக அடித்துவிட்டது. என்னை முந்திப் போனபோது முன் கேமராவில்தான் பின்பக்க நம்பர் விழுந்தது, அதுவும் நான்கு இலக்கத்தில் மூன்றுதான் தெளிவு. பெட்டியில் 'நைட் விஷன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பகலில் முன் கேமரா அருமை, இரண்டு கார் தூரத்தில் இருக்கிற நம்பரைப் படிக்கலாம். இரவில் எதிரே ஹை பீம் வந்தால் எந்த நம்பரும் தெரியாது. எதிர்வண்டி வந்தாலோ முன்வண்டியை ஒட்டிப் போனாலோ டிம் செய்ய வேண்டும் என்பது 2017-ம் வருட ஓட்டுதல் விதிமுறைகளிலேயே இருக்கிறது. அதை மதிக்காதவர்களால் நமக்குக் கண்ணும் தெரிவதில்லை, கேமராவுக்கும் தெரிவதில்லை.

இப்போது இந்த கேமரா போட்ட காசை எனக்குத் திருப்பித் தந்த நாள். தாம்பரம் பக்கம் ஒரு சிக்னல், காலை நேரம், பக்கத்து சீட்டில் என் தம்பி. மஞ்சள் விழுந்தது, நிறுத்தினேன். பின்னால் டமார். இறங்கி வந்தவர் நேராக என் தம்பியிடம் போனார். "எல்லோ விழுந்தா போக வேண்டியதுதானே சார், யாராவது பிரேக் அடிப்பாங்களா? வீட்ல இருக்கிறவங்ககிட்ட வண்டியக் குடுக்கும்போது பாத்துக் குடுங்க." 19 வருடமாக ஓட்டுகிறேன். என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது, "லேடி டிரைவரா, அதான்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அவர் பானட் நசுங்கியதற்கு 15,000 வேண்டும் என்று தம்பியிடம் பேரம் ஆரம்பித்தார்.

நான் போனில் பின் கேமரா பதிவை எடுத்தேன். பகல் வெளிச்சம், அவர் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிகிறது. இடது கையில் போன், தலை குனிந்திருக்கிறது, கட்டை விரல் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கிறது. என் பிரேக் விளக்கு அவர் பானட்டில் சிவப்பாக விழுகிறது, அப்போதும் அவர் நிமிரவில்லை. இடிப்பதற்கு ஒரு நொடி முன்புதான் நிமிர்கிறார். அந்தப் பதிவை அவரிடம் காட்டினேன், பக்கத்தில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் 15,000 பேச்சு வரவில்லை. என் பம்பர் வேலைக்கு 4,000 கொடுத்துவிட்டுப் போனார். ஓட்டிக்கொண்டே போன் பார்ப்பதற்கு முதல் முறை அபராதம் 1,000 ரூபாய்தான். நம் ஊரில் மஞ்சளுக்கு 'சீக்கிரம் போ' என்று அர்த்தம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஆனால் நிறுத்துகிறவர்தான் குற்றவாளி ஆகிறார்.

முன் கேமராவில் சிக்குகிறவை வேறு ரகம். வேப்பூருக்கும் தொழுதூருக்கும் நடுவில் எதிர்த்திசையில் வருகிற டூவீலர் இல்லாமல் ஒரு பயணம்கூட எனக்குப் பதிவாகவில்லை. பின்னால் புல்லுக்கட்டு, முன்னால் பால் கேன், ஓரமாக வருகிறார், விளக்கும் இல்லை. எனக்கு இவர்கள்மேல் பஸ்காரர்மேல் வருகிற கோபம் வருவதில்லை. நாலுவழிச்சாலை போட்டபோது அவர் வயலை ஒரு பக்கமும் வீட்டை இன்னொரு பக்கமும் ஆக்கிவிட்டு, திரும்புகிற இடத்தை எங்கேயோ தள்ளி வைத்துவிட்டார்கள். ஆனால் கார் வைத்துக்கொண்டு, பெட்ரோல் பங்கில் இருந்து அடுத்த கட் வரைக்கும் ராங் சைடில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

நின்ற லாரி இன்னொன்று. டயர் வெடித்தால் லாரிக்காரர்கள் பின்னால் வரிசையாகக் கல்லை வைத்து, ஒரு மரக்கிளையை ஒடித்துச் செருகி வைப்பார்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறவர்கள் குறைவு. வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். உளுந்தூர்பேட்டை தாண்டி ஓர் இரவு, லாரியே இல்லாத இடத்தில் அப்படி ஆறு கல். பதிவில் எண்ணித்தான் ஆறு என்று தெரிந்தது, ஓட்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது, ஸ்டியரிங்கை ஒடித்தேன், அவ்வளவுதான். நான் தப்பித்தேன், பின்னால் பைக்கில் வந்தவர்கள் என்ன ஆனார்களோ. அடுத்த சுங்கச்சாவடியில் சொல்லிவிட்டுத்தான் போனேன். நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்று ஒரு எண் இருக்கிறது, போனில் சேமித்து வையுங்கள்.

சின்னச் சின்ன எரிச்சல்களும் நிறைய விழுகின்றன. நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்பதற்கு நாலு இண்டிகேட்டரையும் எரியவிடுகிறவர்கள் (பக்கவாட்டில் இருந்து வருகிறவருக்கு ஒரு விளக்குதான் தெரியும், திரும்பப் போகிறார் என்றுதான் நினைப்பார்). கையைக் காட்டாமல் நடுரோட்டில் நிறுத்துகிற ஷேர் ஆட்டோ. இதிலெல்லாம் என்னால் தாங்கவே முடியாதது ஒன்று: சிங்கப்பெருமாள்கோவில் நெரிசலில் 108 ஆம்புலன்ஸுக்கு எல்லோரும் ஒதுங்குகிறோம், அந்த இடைவெளியில் ஆம்புலன்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு மூன்று கார் போகிறது. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 அபராதம் என்று 2019 திருத்தத்தில் கொண்டுவந்தார்கள். உள்ளே ஓர் உயிர் போராடுகிறது, அதன் பின்னால் தொற்றிக்கொண்டு வீட்டுக்குச் சீக்கிரம் போக மனம் எப்படி வருகிறது?

கேமராவுக்கே திரும்புகிறேன். குறைகள் இன்னும் இருக்கின்றன. அதிர்ச்சியை உணர்ந்து பதிவை அழியாமல் பூட்டுகிற ஜி-சென்சார் வசதியைக் கடையில் 'ஹை'யில் வைத்துக் கொடுத்தார்கள். நம் ஊர்களில் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை எத்தனை! ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு பூட்டிக்கொண்டு, மூன்றே வாரத்தில் கார்டு நிரம்பி நின்றுவிட்டது. 'லோ'வில் வையுங்கள். அப்புறம், லேன் மாறுகிறீர்கள், முன்னால் வண்டி நெருங்குகிறது என்று ஆங்கிலத்தில் கத்துகிற ஒரு வசதி. பெருங்களத்தூர் நெரிசலில் நொடிக்கு நொடி கத்தும். முதல் நாளே அணைத்துவிட்டேன், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கார்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது. நான் முதலில் போட்ட சாதாரண கார்டு ஐந்தாவது மாதம் படுத்துவிட்டது, கேமரா ஒன்றும் சொல்லாமல் சும்மா விளக்கை மட்டும் எரித்துக்கொண்டிருந்தது. பதிவு கேமராவுக்கென்றே வருகிற 'ஹை எண்டூரன்ஸ்' கார்டு வாங்குங்கள், மாதம் ஒருமுறை ஃபார்மேட் செய்யுங்கள். பின்பக்கக் கண்ணாடியைத் துடைத்து வையுங்கள், தூசி இருந்தால் பின் கேமராவுக்கு எல்லாம் பனிமூட்டம்தான்.

ஏதாவது ஆகிவிட்டால் பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அதுவே போதும் என்று இருக்காதீர்கள். அதில் படம் சுருங்கி, தெரிந்த நம்பரும் தெரியாமல் போகும். கார்டை உடனே வெளியே எடுத்து, அசல் ஃபைலை வெட்டாமல் ஒட்டாமல் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி கோர்ட்டில் காட்ட வேண்டுமானால் அதற்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், ஃபைலின் ஹேஷ் மதிப்பும் (ஃபைலில் ஏதாவது மாற்றினால் தானும் மாறிவிடுகிற ஓர் அடையாளக் குறியீடு) அதில் குறிப்பிட வேண்டும். வெட்டி ஒட்டிய ஃபைலோடு போய் நின்றால் அங்கேயே மாட்டிக்கொள்வோம்.

வாங்கும்போது நினைக்காத ஒரு பயன். மகளுக்கு 18 முடிந்து எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.யில் போட்டு, நடுவில் நிறுத்தி, "இப்ப இவர் என்ன பண்ணப் போறாருன்னு சொல்லு" என்று கேட்பேன். முன்வண்டியின் முன்சக்கரம் திரும்புவதைப் பார்த்தே, இண்டிகேட்டர் போடாமல் வரப்போகிறார் என்று சொல்லப் பழகிவிட்டாள். போன வாரம் மறைமலைநகர் பக்கம் எடுத்த பதிவை அவளே நிறுத்தினாள். "அம்மா, இங்க நீங்க லேன் மாறுறீங்க. இண்டிகேட்டர் போடலையே?" போட்டிருப்பேன் என்றேன். ஒலியைக் கூட்டினாள். ரேடியோ கேட்கிறது, ஏ.சி. காற்று கேட்கிறது, டிக் டிக் சத்தம் மட்டும் இல்லை.

குடும்பப் பேச்செல்லாம் பதிவாகிறதே, மைக்கை அணைத்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அணைக்கவில்லை.