செவலையை எங்கே இறக்கினார்கள்?

தெருநாயைப் பிடிக்க நகராட்சி வண்டி வராது என்றுதான் ஊரில் எல்லோரும் புலம்புவார்கள். எனக்கு வண்டி உடனே வந்தது. தலைவலி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஊர் திருநெல்வேலிப் பக்கம், நகராட்சியின் பெயர் வேண்டாம். தெருவில் நாய் பெருகிவிட்டது, பால் வாங்கப் போகவே கம்பு வேண்டியிருக்கிறது என்று மதினி போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இந்த முறை இங்கிலாந்திலிருந்து போன கையோடு நகராட்சியில் மனு கொடுத்தேன். வலையோடு ஆட்கள் வந்தார்கள். பைக்கைத் துரத்துகிற இரண்டு ஆண் நாய்களும் சந்துக்குள் பாய்ந்து தப்பிவிட்டன. அம்மா வீட்டு நடையில் படுத்தே கிடக்கும் செவலை மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு தானாகப் போய் மாட்டிக்கொண்டது.

சரி, பெட்டை நாய்தானே, கருத்தடை ஆனால் நல்லதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு நம்பிக்கையே இல்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நாய் வண்டி வந்தாலே தெருவே கதவைச் சாத்தும், கழுத்தில் வில்லை இல்லாத நாயை எல்லாம் வீட்டுக்குள் இழுத்துப் போடுவோம், வண்டியில் ஏறியது திரும்பி வந்ததாகக் கதைகூடக் கிடையாது. அது அந்தக் காலம், இப்போது கொல்வதில்லை, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, காதில் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், மத்திய அரசின் 2001 நாய்க் கருத்தடை விதியும் அதுதான், 2023-ல் வந்த புது விதியும் அதுதான் என்று நீளமாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "உங்க ஊருல இருந்து பேசுத மாதிரியே பேசுதியே" என்றாள்.

சில நாள் கழித்து 'உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தது. செவலை வரவில்லை.

சுகாதாரப் பிரிவில் போய்க் கேட்டால், "வார்டுல விட்டாச்சு சார்." வார்டில் எங்கே? பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள். வார்டு எண், பெண், பிரவுன், அவ்வளவுதான். எங்கள் வார்டில் டீக்கடைக்கு ஒரு பிரவுன் நாய் உண்டு. தெருப் பெயர் எழுதவில்லையா என்று கேட்டதற்கு அந்த உதவியாளர், "அதுக்கு இதுல கட்டமே கிடையாது சார்" என்று என்னமோ நான்தான் புரியாமல் பேசுவது போலப் பார்த்தார். பிடித்த பகுதி, நாள், நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும், நாய்க்கு அடையாளம் கட்ட வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அவரிடம் இருந்தது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரு நோட்டு.

நான் இருக்கும் இங்கிலாந்தில் கவுன்சிலின் நாய் வார்டன் ஒரு நாயைப் பிடித்தால் சிப்பை ஸ்கேன் பண்ணி வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுவார். 2016 முதல் நாய்க்கு சிப் கட்டாயம். பிடித்த நாய்களின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம் என்று 1990-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. 7 நாளில் யாரும் கேட்டு வராவிட்டால் நாயை விற்கலாம், கொடுக்கலாம், ஊசி போட்டு முடித்தும் விடலாம். தெருவுக்கே பொதுவான நாய் என்ற ஒன்று அங்கே கணக்கிலேயே கிடையாது. செவலைக்கு எந்த வீடு என்று நான் எழுதிக் கொடுத்திருப்பேன்?

கடைசியில் உதவியது நோட்டும் இல்லை, அதிகாரியும் இல்லை. நாய் பிடிக்கும் ஒப்பந்த ஊழியர் ஒருவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "பின்னங்கால்ல தழும்பு இருக்குமே, அதுதானே அண்ணாச்சி?" என்றார். எந்த நாய் எந்த நடையில் படுக்கும், எது கடிக்கும், எது சும்மா குரைக்கும் எல்லாம் மனிதருக்கு மனப்பாடம். எங்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்களாம், வண்டி திரும்ப வழியில்லை, டிரைவர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டாராம்.

பள்ளிக்கூடம்! பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. இவர்கள் எங்கோ பிடித்த நாயைக் கொண்டுபோய் அங்கே விட்டிருக்கிறார்கள். தெருநாய்க்கு எல்லை உண்டு என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான், தையல் ஆறாத வயிற்றோடு அடுத்த கூட்டத்தின் எல்லையில் போட்டால் என்ன ஆகும்? தொடையில் கடிபட்டு, சத்துணவுக் கூடத்துச் சுவரோரம் ஒடுங்கிக் கிடந்தது. அந்த ஊழியரே ஆட்டோவில் மடியில் வைத்துத் தூக்கிவந்து நடையில் இறக்கினார். அம்மா செவலையின் காதைத் தூக்கி வெட்டைப் பார்த்த பிறகுதான் நான் சொன்னதை நம்பினாள்.

கிளம்பும்போது, உங்களுக்கு வெறிநாய்த் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்கிறார்களா என்று அவரிடம் கேட்டேன். "கடிச்சா பெரியாஸ்பத்திரியில போடுவாங்கல்லா" என்று சிரித்தார். நாய் பிடிக்கிறவர்களுக்குக் கடிபடும் முன்பே போட வேண்டிய ஊசி அது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் எப்போதோ போய்விட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். ஒப்பந்தக்காரர்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

சந்துக்குள் ஓடிய இரண்டும் இன்னும் பைக்கைத் துரத்திக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய மனு தீர்ந்துபோன கணக்கில் இருப்பதால் புதிதாக ஒன்று கொடுத்து, தெருப் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். வண்டி வந்தால் அந்த ஊழியரும் வந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் செவலையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுங்கள் என்று மதினியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.