ஷாக் அப்சார்பரா, புஷ்ஷா? பழைய மாருதி 800-க்கு முதலில் எதை மாற்றுவது

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே எங்கள் வீட்டு மாருதி 800 அலைபாயத் தொடங்கியது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தும் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். திருத்தினால் வலப்பக்கம் கூடுதலாக வந்துவிடும். எதிரே பஸ் ஒன்று கடந்து போனால் உள்ளங்கை வியர்த்துவிடும். ஐயா வாங்கிய 2001-ஆம் ஆண்டு வண்டி அது. மீட்டரில் 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

பழைய வண்டி தடுமாறினால் பட்டறையில் முதலில் காதில் விழுவது 'ஷாக் போய்விட்டது' என்பதுதான். நானும் அதை நம்பி முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினேன். ஆறு மாதம் கழித்துப் புஷ்களை, அதாவது இரும்புப் பாகங்கள் சேரும் இடங்களில் இருக்கும் ரப்பர்களை, மாற்றினேன். இரண்டுக்கும் பணம் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் காரைக்குடிப் பக்கம் வீடுகளில் நிற்கும் வண்டிகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது புஷ்.

இரண்டுக்கும் முன்னால் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் இறுகிப்போன டயர் சாலையைப் பிடிக்காது. காற்றையும் சரிபார்த்துவிட்டு மேலே போகலாம்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது ஷாக். ஷாக் போனால் வேகத்தடை தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை ஆடும், பிரேக் பிடித்தால் மூக்கு தாழும், டயர் மேடும் பள்ளமுமாகத் தேயும். ஷாக்கின் உடலில் எண்ணெய் கசிந்து, செம்மண் அப்பியிருந்தால் வேறு சோதனையே வேண்டாம். பானெட்டின் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் பழைய வழி, அடியோடு செத்த ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். புது ஷாக் போட்டபின் என் வண்டி வேகத்தடைகளில் அடக்கமாக இறங்கியது உண்மை. ஆனால் அலைச்சல் அப்படியே இருந்தது.

காரணம், சக்கரத்தை அதன் இடத்தில் நிறுத்திவைக்கும் வேலை ஷாக்குக்கு மட்டும் உரியது அல்ல. மாருதி 800-இன் முன்பக்கச் சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் மெலிந்த ஒற்றைக் கை. அது முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி. அந்தப் பார் ஆர்முக்குள் நுழையும் முனையில் ஒரு ரப்பர், பாடியோடு பிடிக்கும் இடத்தில் ஒரு ரப்பர், ஆர்மின் உள்முனையில் இன்னொரு ரப்பர். இந்தப் புஷ்கள் தளர்ந்தால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் சிறிது பின்னுக்குப் போகும். 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தளர்ந்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இந்த நிலையில் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மெண்ட் செய்வதும் வீண். நிற்கும்போது சரியாக இருக்கும் அளவு, ஓடும்போது மாறிவிடும்.

நம் ஊர்க் கணக்கு வேறு என்பது இங்கேதான். குடும்பம் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறது. முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு திறக்கும்போதுதான் வண்டியும் கொட்டகையை விட்டு வெளியே வருகிறது. மற்ற மாதங்களில் வெயில் வெக்கையில் ஒரே இடத்தில் நிற்கிறது. குறைவாக ஓடிய வண்டி என்று மீட்டரைக் காட்டி மகிழ்கிறோம். ரப்பருக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஓடினாலும் நின்றாலும் வெப்பத்திலும் காற்றிலும் அது இறுகி வெடித்துக்கொண்டேதான் இருக்கும். கழற்றிய புஷ்ஷைப் பட்டறை மேசையில் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே ஒழுங்காகத்தான் தெரிந்தது. நடுவிலிருந்த இரும்புக் குழாயை விரலால் திருகினால் தனியாகச் சுற்றியது. உள்ளே ரப்பர், கோடையில் வற்றிய ஊருணித் தரை போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

சோதிக்க அதிகம் வேண்டாம். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தியபின், டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமுமாக ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். பிறகு டயர் லீவரை ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே கொடுத்து நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் நெகிழலாம். ஆர்ம் தாராளமாக நகரக் கூடாது.

புஷ்ஷின் விலை ஷாக் ஜோடியின் விலையில் சிறு பங்குதான், கூலிதான் அதிகம். அதனால் மலிவு ரப்பரைத் தவிர்த்து ஒரிஜினல் வாங்குங்கள். அதைவிட முக்கியமான ஒன்று: ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்க விடாதீர்கள். அப்படி இறுக்கினால் வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையால் மட்டும் திருகி, வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் நாலடி உருட்டி, எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். என் முதல் செட் இந்த அவசரத்தில்தான் வீணானது. இரண்டாவது முறை பக்கத்தில் நின்று சொல்லிச் செய்ய வைத்தேன். அலைன்மெண்ட் முடித்து அதே தேவகோட்டைச் சாலையில் போனபோது வண்டி கோடு பிடித்தாற்போல் ஓடியது.

ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் புஷ் போட்ட பங்காளி வீட்டு வண்டியில் ஒருமுறை குன்றக்குடி வரை போனேன். திருப்பங்களில் கெட்டியாக நின்றது. சிறு கல்லின் அதிர்வும் காலுக்கு வந்தது. ஒரே பயணத்தை வைத்து அதற்கு மேல் சொல்ல மாட்டேன். பவர் ஸ்டியரிங் வண்டிகளிலும் எனக்குக் கைப்பழக்கம் குறைவு.

தினமும் ஓடும் வண்டிக்கு, அதுவும் எண்ணெய் கசிவு தெரிந்தால், ஷாக்தான் முதலில். ஜோடியாக மாற்ற வேண்டும். என் வண்டியின் பின்பக்க ஷாக் இன்னும் பழையவைதான். நான்கு பேர் ஏறினால் பின்பக்கம் துள்ளுகிறது. அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதால் வேலை எளிது. மாசி சிவராத்திரிக்கு ஊருக்குப் போகும்போது மாற்றிவிடுவேன்.